நாணய வியாபாரி விலையை எங்கிருந்து எடுக்கிறார்?

கேள்வி: தாத்தாவின் டப்பாவில் 1862 விக்டோரியா வெள்ளி ரூபாய் ஒன்று, 1940-களின் ஜார்ஜ் மன்னர் ரூபாய்கள் நான்கு, வளையம் பற்றவைத்த 1907 எட்வர்டு ரூபாய் ஒன்று, ராஜராஜன் செப்புக்காசுகள் ஒரு கைப்பிடி கிடைத்தன. விக்டோரியா ரூபாய்க்கு ஒரு கடையில் 1,150 தருகிறேன் என்றார்கள். அதே கடையின் கண்ணாடிப் பெட்டியில் அதே ரூபாய்க்கு 2,200 என்று எழுதியிருந்தது. யூடியூபில் பல லட்சம் போகும் என்கிறார்கள். நாணய வியாபாரிகள் எந்தக் கணக்கில் விலை வைக்கிறார்கள்?

பதில்:

யூடியூபை முதலில் ஒதுக்கிவிடுவோம். வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய் நாணயம் பத்து லட்சம், டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டு பல லட்சம் என்று சொல்லும் வீடியோக்களில் வாங்குபவர் ஒருவரையும் பார்க்க முடியாது. முன்பணம் கேட்பவரைத்தான் பார்க்கலாம். ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் பயன்படுத்திப் பழைய நோட்டு, நாணயங்களுக்குக் கட்டணமும் வரியும் கேட்கிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலசம் என்று ஏமாந்தவர்களின் புகார்கள் தமிழகக் காவல் நிலையங்களுக்குப் புதிதல்ல. இரண்டும் ஒரே குடும்பத் தொழில்தான்.

இனி உங்கள் கேள்வி. 1,150-க்கு வாங்கி 2,200-க்கு விற்பது அநியாயம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். பாதி உண்மை. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள வியாபாரி மனதுக்குள் போடும் கணக்கைப் பார்க்க வேண்டும். அவர் உங்கள் காசின் வயதைப் பார்ப்பதில்லை. இதை அடுத்து யார் வாங்குவார், எத்தனை நாளில் வாங்குவார், அதுவரை இதில் என் முதல் முடங்கிக் கிடப்பதற்கு என்ன கிடைக்கும் என்றுதான் பார்க்கிறார். மற்றதெல்லாம் இந்த மூன்று கேள்விக்கும் விடை தேடும் வழிகள்.

கணக்கின் அடித்தளம் உலோகம். 1939 வரையிலான ரூபாய் 11.66 கிராம் எடை, பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. அதாவது ஒரு ரூபாயில் ஏறத்தாழ 10.69 கிராம் சுத்த வெள்ளி. நீங்கள் கடைக்குப் போன அன்று வெள்ளி கிராம் 100 ரூபாயை ஒட்டி இருந்தது என்று வைத்துக்கொண்டால், உருக்கினாலே 1,069 ரூபாய். தேய்ந்த காசு 11.4 கிராம்தான் நிற்கும். அதற்கு ஏற்பக் குறையும். ஆகவே 1,150 என்பது உருக்கு விலைக்கு மேல் ஒரு சிறு மரியாதை. அடிமாட்டு விலை அல்ல, நல்ல விலையும் அல்ல. 1940-இலிருந்து வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. எடை அதே 11.66 கிராம், வெள்ளி 5.83 கிராம்தான். அந்தக் கலப்பைப் பிரித்தெடுக்கச் செலவு உண்டு என்பதால் உருக்குபவர் அதற்குச் சரிபாதி விலைகூடத் தருவதில்லை. 1947 ரூபாய் நிக்கல், வெள்ளியே கிடையாது. காந்தம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

வெள்ளி விலை ஏறும் மாதங்களில் சாதாரண ரூபாய்க்கும் ஓரளவு நல்ல ரூபாய்க்கும் இருந்த விலை இடைவெளி சுருங்கிவிடும். எல்லாமே உருக்கு விலையை ஒட்டி வந்துவிடும். அப்படிப்பட்ட நாட்களில் வியாபாரி அட்டையில் எழுதிய விலையை நம்பமாட்டார். கைப்பேசியில் வெள்ளி விலையைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார். தங்கத்திலும் இதே கதைதான். பிரிட்டிஷ் சவரன் என்ற தங்கக் காசு 7.98 கிராம், 22 காரட். பொதுவான ஆண்டுகள் தங்க விலைக்கு மேல் கொஞ்சம் வைத்துக் கை மாறும். அந்நாளில் பம்பாயில் அச்சான சவரன்கள் 1918 என்ற ஓராண்டை மட்டுமே தாங்கியவை. குதிரை நிற்கும் தரையின் நடுவில் 'ஐ' என்ற சிறு ஆங்கில எழுத்து இருக்கும். நகைக்கடையில் அதற்கும் மற்ற சவரனுக்கும் ஒரே விலை. நாணயக் கடையில் அந்த ஓர் எழுத்துக்குக் கூடுதலாகக் கேட்பார்கள்.

அடித்தளத்துக்கு மேல் எழும்புவதுதான் உண்மையான நாணய விலை. இங்கேதான் பொதுமக்கள் தடுமாறுகிறார்கள், 'எவ்வளவு பழசோ அவ்வளவு விலை' என்று நினைத்து. உங்கள் கைப்பிடி ராஜராஜன் காசுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் ராஜராஜன் பெயர். ஆயிரம் ஆண்டுப் பழமை. ஆனால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இவை மண்ணிலிருந்து கிடைத்துக்கொண்டே இருக்கின்றன, அதனால் சாதாரணத் தரத்தில் சில நூறு ரூபாய்க்கு மேல் போவதில்லை. பக்கத்துத் தட்டில் இருக்கும் 1939 வெள்ளி ரூபாய் உங்கள் தாத்தாவின் இளமைக்காலத்துக் காசு. அதன் விலையில் ராஜராஜன் காசுகளை மூட்டையாகவே வாங்கலாம். போர் தொடங்கி, வெள்ளி பதுக்கப்பட்டு, அடுத்த ஆண்டே தரம் பாதியானபோது, நல்ல வெள்ளியில் அடித்த 1939 ரூபாய்களில் பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டது. மிஞ்சியவை மிகக் குறைவு. அதே 1939-இன் அரை ரூபாய் தாராளமாகக் கிடைக்கும். ஆகவே ஆண்டு மட்டும் தெரிந்தால் போதாது. எந்த மதிப்பு, எந்த அச்சுச்சாலை என்பதும் வேண்டும்.

1911-ஆம் ஆண்டு ஜார்ஜ் ரூபாயின் கதை இன்னும் சுவையானது. மன்னரின் மேலங்கியில் இருந்த யானையின் தும்பிக்கை குட்டையாக விழுந்துவிட்டது. பார்த்தவர்களுக்குப் பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்கள் எதிர்த்தார்கள், அரசு நிறுத்தியது, வெளியே போகாதவற்றை உருக்கியது, 1912-இல் யானையைத் திருத்தி அச்சிட்டது. பன்றி ரூபாய் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இன்று 1911 ரூபாய் அரிது என்பதோடு, சொல்ல ஒரு கதையும் இருக்கிறது. கதை இருக்கும் காசு கதை இல்லாத காசைவிட வேகமாக விற்கும். வியாபாரிகள் இதற்குத் தனியாகவே விலை போடுகிறார்கள். 1947 நிக்கல் ரூபாயைப் பாருங்கள். அரிதும் அல்ல, உலோக மதிப்பும் இல்லை. பின்புறம் புலி, ஆண்டு சுதந்திர ஆண்டு. அது போதும், பரிசு கொடுக்க யாராவது வாங்கிக்கொண்டே இருப்பார்கள்.

எதிர்ப்பக்கத்தில் புதுக்கோட்டை அம்மன் காசு இருக்கிறது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. தொண்டைமான் அரசு நவராத்திரிக்குத் தானமாகக் கொடுத்த காசு. 1889-இலிருந்து இங்கிலாந்தின் பர்மிங்காமில் இயந்திரத்தில் அச்சடித்து வரவழைத்தார்கள். அழகுக்கும் கதைக்கும் குறைவில்லை, ஆனால் ஏராளமாகக் கிடைக்கிறது. தொடக்கநிலைச் சேகரிப்பாளர் ஒருவருக்கு நான் முதலில் சொல்லும் காசு இதுதான். வியாபாரியும் இதில் பெரிதாக ஏமாற்ற முடியாது.

அடுத்தது தரம். விலையில் பெரிய தாவல்கள் நடப்பது இங்கேதான். புழக்கத்துக்கே வராத காசு, இலேசாகத் தேய்ந்த காசு, நன்றாகத் தேய்ந்த காசு என்று படிகள் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த 70 புள்ளி அளவுகோலை இன்று இங்குள்ள பெரிய ஏலங்களும் பயன்படுத்துகின்றன. சாதாரண ஆண்டு ரூபாய் தேய்ந்த நிலையில் உருக்கு விலை; அதே காசு அச்சுச்சாலைப் பளபளப்போடு இருந்தால் பல மடங்கு. நடுவில் இருப்பவைதான் தகராறு. உங்கள் கண்ணுக்குப் புதிதாகத் தெரிவது வியாபாரியின் உருப்பெருக்கியில் 'கழுவிய காசு' ஆகிவிடும். புளியோ விபூதியோ பற்பசையோ போட்டுத் தேய்த்த வெள்ளியில் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடும். இயற்கையாகப் படிந்த கருமை போய், கண்ணைக் கூசும் வெண்மை வந்திருக்கும். அந்தக் காசை மறுபடி பழையபடி ஆக்க முடியாது. தயவுசெய்து எதையும் கழுவாதீர்கள்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சேதம் உண்டு. வெள்ளி ரூபாய் நம் வீடுகளில் பணமாக மட்டும் இருக்கவில்லை. கழுத்தில் தொங்கியது, குழந்தையின் அரைஞாணில் கிடந்தது. உங்கள் எட்வர்டு ரூபாயில் வளையம் பற்றவைத்திருப்பதும் அதனால்தான். வளையத்தை வெட்டி எடுத்து, ஓரத்தை அராவி, பல் வெட்டிவிட்டாலும் விளிம்பைச் சுற்றிப் பார்க்கும் வியாபாரிக்கு அந்த இடம் தெரிந்துவிடும். பொதுவான ஆண்டு என்றால் உருக்கு விலைதான். அரிய காசு என்றால் பாதிக்கும் கீழே. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்ட, கோபுரமும் விஷ்ணுவும் பொறித்த வெள்ளி அரை வராகன் போன்ற அழகான காசுகளும் இந்தத் தண்டனைக்குத் தப்பவில்லை. வளையத் தடம் இல்லாத ஒன்று வந்தால் ஏலத்தில் கைகள் உயர்வது அதனால்தான்.

இதுவரை சொன்னது காசின் பக்கம். இனி கல்லாவின் பக்கம் வருவோம். வெளியாட்களுக்கு அதிகம் தெரியாத பகுதி இது.

நல்ல வியாபாரி தான் வாங்கிய விலையை வைத்து விற்பதில்லை. விற்ற பிறகு அதேபோல் ஒன்றை மறுபடி வாங்க என்ன ஆகும் என்று பார்க்கிறார். பத்து ஆண்டுக்கு முன் 400 ரூபாய்க்கு வாங்கிய ரூபாய் அவர் பெட்டியில் இருந்தால், அதற்கும் இன்றைய விலைதான். 'உங்களுக்குக் குறைவாகத்தானே விழுந்திருக்கும்' என்று பேரம் பேசுவதில் பயனில்லை. மறுபக்கமும் உண்டு: உச்ச விலையில் வாங்கிச் சிக்கிக்கொண்ட காசை நஷ்டத்தில் தள்ள மனம் வராமல், பழைய விலையை எழுதி ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவர்கள் பலர். கண்ணாடிப் பெட்டியில் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும் காசு அநேகமாக இந்த வகை. அதில் எழுதியிருப்பது விலை அல்ல, அவருடைய வருத்தம்.

வேகம் என்பது பெரிய விஷயம். ஒரு லட்சம் ரூபாயை வெள்ளி ரூபாய்களில் போட்டு, மாதம் ஒருமுறை ஐந்து சதவீத லாபத்தில் சுழற்றினால் ஆண்டுக்கு அறுபதாயிரம். அதே லட்சத்தை ஒரே அரிய காசில் போட்டு, மூன்று ஆண்டு காத்திருந்து இரண்டு லட்சத்துக்கு விற்றால் ஆண்டுக்கு முப்பத்துமூன்றாயிரம்தான், அதுவும் விற்றால்தான். ஆகவே அடிக்கடி கை மாறும் சரக்குக்கு வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி குறைவு. சவரன்களில் அது மிகச் சிறியது. யாரும் தேடி வராத சரக்கில் அட்டை விலையின் பாதியைக் கொடுத்தாலே பெரிது. இதில் வியாபாரியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கடை வாடகையும் வட்டியும் காசின் வரலாற்று மதிப்பைப் பார்த்துக் குறைவதில்லை.

வீடுகளிலிருந்து மொத்தமாக வரும் தொகுப்புகளுக்குக் கணக்கு வேறு. ஐம்பதாயிரத்துக்கு ஒரு தொகுப்பு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தலைக்காசு, அதாவது உண்மையில் விலை போகும் காசு, மூன்று. அவற்றிலேயே நாற்பத்தைந்தாயிரத்தை மீட்டுவிட முடியும் என்று தெரிந்துதான் அந்தத் தொகையைச் சொல்லியிருப்பார். மீதமுள்ள இருநூறு காசும் அவருக்கு ஏறக்குறைய இலவசம். 'எது எடுத்தாலும் 50 ரூபாய்' என்று கிண்ணத்தில் கொட்டி வைத்திருப்பவை அவைதான். விற்க வருபவர்களுக்கு இதிலிருந்து ஒரு பாடம் உண்டு: தொகுப்பு முழுவதற்கும் ஒரே தொகை சொன்னால், அதில் எந்த மூன்று காசுக்காகச் சொல்கிறார் என்று கேளுங்கள். அந்த மூன்றையும் தனியாக எடுத்து வைத்தால் மீதிக்கு என்ன தருவார் என்றும் கேளுங்கள். முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

காசைச் செருகி வைக்கும் சதுர அட்டையின் பின்புறத்தில் சில எழுத்துகள் கிறுக்கியிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அது பெரும்பாலும் வாங்கிய விலை. எழுத்து திரும்ப வராத பத்தெழுத்துத் தொடர் ஒன்றை எடுத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வைத்துக்கொள்வார்கள். ஜவுளிக்கடைகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் பழக்கம்தான். முன்புறத்தில் இருக்கும் எண்ணில் பேரத்துக்கு இடம் உண்டு. கண்காட்சிகளில் அந்த இடம் கடைசி நாள் மாலையில் விரியும். நல்ல சரக்கு மட்டும் அதற்குள் இருக்காது. முதல் நாள் கூட்டம் வருமுன்பே வியாபாரிகள் தங்களுக்குள் வாங்கி விற்று முடித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் நடக்கும் விலைதான் சந்தையின் உண்மையான விலை. நாம் பார்ப்பது அதன் மேல் ஏற்றப்பட்டது.

ஏல விலைகளைக் காட்டி வாதாடுபவர்கள் இப்போது அதிகம். மும்பை, பெங்களூரு, அகமதாபாத் ஏல நிறுவனங்களின் முடிவுகள் இணையத்திலேயே கிடைப்பது நல்லதுதான். ஆனால் ஓர் ஏலத்தில் மூன்று விலைகள் இருக்கின்றன. சுத்தியல் விழுந்தது 10,000 என்றால், வாங்கியவர் அதற்கு மேல் ஏல நிறுவனத்தின் கட்டணமும் வரியும் சேர்த்துக் கட்டியிருப்பார். விற்றவர் தன் பங்குக் கழிவு போகப் பத்தாயிரத்துக்கும் குறைவாகவே பெற்றிருப்பார், அதுவும் மாதங்கள் கழித்து. வியாபாரி உங்களிடம் சொல்லும் விலை, விற்றவர் பெற்ற அந்தக் கடைசித் தொகைக்கும் கீழே இருந்து தொடங்கும். மேலும் இரண்டு பேர் வீம்புக்குப் போட்டி போட்டு ஏற்றிய விலை, மூன்றாவது ஆள் இல்லாத அடுத்த ஏலத்தில் சரிந்துவிடும். ஒரே ஒரு முடிவைப் பார்த்து விலை வைப்பவர் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் வியாபாரி.

அமெரிக்கத் தரச்சான்று நிறுவனங்களின் பிளாஸ்டிக் உறையில் அடைத்த காசுகளுக்குக் கூடுதல் விலை உண்டா என்றால், உண்டு. விலை உயர்ந்த காசுகளுக்கு. போலி அல்ல என்ற உறுதிக்கும், தூரத்து ஊர்க்காரர் பார்க்காமலே வாங்கலாம் என்ற வசதிக்கும் அந்தப் பணம். இரண்டாயிரம் ரூபாய்க் காசை அனுப்பி உறை போட்டு வாங்குவது வீண்; காசைவிட உறைக்கு அதிகம் செலவாகும்.

இன்னொரு கழித்தல் இருக்கிறது, அச்சத்துக்கான கழித்தல். வெள்ளி ரூபாய்ப் போலிகள் இன்று நன்றாகவே வருகின்றன. எடை, விட்டம், விளிம்பின் பல் எல்லாம் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால் வியாபாரி விலையைக் குறைத்துத் தன்னைப் பாதுகாத்துக்கொள்வார், அல்லது தொடவே மாட்டார். 1939 போன்ற ஆண்டுகளில் கடைசி இலக்கத்தைத் திருத்திய காசுகள் உலவுவதால், யாருக்கும் தெரியாத ஒருவர் கொண்டு வந்த 1939-க்கு முதலில் கிடைப்பது சந்தேகப் பார்வைதான். ஆஞ்சநேயரும் ராமர் பட்டாபிஷேகமும் போட்டு '1818 கிழக்கிந்தியக் கம்பெனி அரை அணா' என்று வருபவை நாணயமே அல்ல. எடைக்குப் பித்தளை விலை.

சட்டமும் விலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டத்தின்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயத்தைத் தனியார் நாட்டுக்கு வெளியே ஏற்றுமதி செய்ய முடியாது. அதனால் வெளிநாட்டு இணையதளத்தில் டாலரில் பார்க்கும் விலை உங்களுக்குப் பயன்படாது. உங்கள் காசு அந்தச் சந்தைக்குப் போகவே முடியாது. இங்குள்ள விலை இங்குள்ள வாங்குபவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மண்ணைத் தோண்டும்போது கிடைத்த புதையல் என்றால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஈரமண் ஒட்டிய காசுகளை ஒருவர் குவியலாகக் கொண்டுவந்தால், பொறுப்பான வியாபாரி விலை பேசமாட்டார். பேசுபவர் சொல்லும் விலை மிகக் குறைவாக இருக்கும், காரணம் உங்களுக்கும் தெரியும் அவருக்கும் தெரியும்.

இப்போது உங்கள் டப்பா. 1940-களின் நான்கு ரூபாய்களை, 1947 நிக்கல் இல்லையென்றால், வெள்ளி எடைக்கே கொடுக்கலாம். பளபளப்பு மிச்சமிருந்தால் மட்டும் தனியே காட்டுங்கள். எட்வர்டு ரூபாயை விற்காமல் யாருடைய கழுத்தில் இருந்தது என்று பாட்டியிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். கிடைக்கப்போவது வெள்ளி விலைதான். ராஜராஜன் காசுகளில் எழுத்து முழுமையாகத் தெரிபவற்றைப் பிரித்தெடுத்து, மீதியைத் தனிக் குவியலாகக் காட்டுங்கள். ஒரே கடையில் முடிவெடுக்காதீர்கள். மூன்று கடைகளில் கேளுங்கள். மூன்றிலும் 'நீங்கள் என்ன தருவீர்கள்' என்று மட்டும் கேளுங்கள். எழுதி ஒட்டிய விலை ஓர் ஆசை. பணத்தை எடுத்து நீட்டும் விலைதான் சந்தை.

விக்டோரியா ரூபாய்க்கு மட்டும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. 1862 என்று பொறித்த ரூபாயை அந்த ஓராண்டில் மட்டும் அச்சிடவில்லை. புதிய ஆண்டு எண் 1874-இல்தான் வந்தது; அதுவரை அதே 1862 தொடர்ந்தது. அச்சிட்ட ஆண்டைக் குறிக்க ஆண்டு எண்ணுக்கு மேலும் கீழும் சிறு புள்ளிகள் வைத்தார்கள். புள்ளியே இல்லாதது மலிவு, எங்கும் கிடைக்கும். உங்களுக்குத் தருகிறேன் என்ற 1,150 அதற்கான விலை. சில புள்ளிக் கூட்டுகள் அரிது, அவற்றைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்றை வாங்கி, பகல் வெளிச்சத்தில் காசைச் சாய்த்துப் பிடித்து, மேலே எத்தனை கீழே எத்தனை என்று எண்ணுங்கள். புள்ளிகள் இருந்தால் தெளிவான படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு கடைக்குப் போங்கள்.